உச்சிக்குழி

நம் மண்டையோடு ஒரே எலும்பாலான சட்டியன்று. மூளையைக் காக்கும் கபால எலும்புகள் 8, இரம்பப் பல் போன்ற விளிம்புகளால் கோத்து நிற்கின்றன. இவ்விணைப்புக்குத் தையல் மூட்டு என்று பெயர், பொருத்தமான பெயரே. குழந்தை பிறக்கும்போது அங்கே நார்த்திசு மட்டுமே உண்டு. அதனாலன்றோ தலை சற்று ஒடுங்கி வெளிவருகிறது! தையல்கள் கூடுமிடத்தில் எலும்பு மூடாத இடைவெளியே உச்சிக்குழி. ஏறத்தாழ 2 வயதுக்குள் மூடிவிடும்.

காவலூரில் என் பாட்டி, கைக்குழந்தையின் உச்சியைத் தடவிப் பார்த்த பிறகே மற்றதைக் கேட்பார். அது வெறும் பழக்கமன்று. வயிற்றுப்போக்கில் நீர் வற்றினால் குழி உள்வாங்கும். மூளைக்காய்ச்சலில், குழந்தை அழாதபோதும் புடைத்து நிற்கும். இரண்டும் ஆபத்தே. எண்ணெய் வைத்துக் குழியை ஏற்ற நினைப்பது வீண். மருத்துவரைக் காண மலையிறங்கி ஆலங்காயம் சேரும்வரை, குழி விழுந்த குழந்தைக்குத் தாய்ப்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே செல்லவேண்டும்.