அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் தீவைப்பு, 1973
அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பிரெஞ்சு குவார்ட்டர் எனும் பழைய பகுதியில் உள்ள ஒரு கட்டடத்தின் மாடியில், தன்பாலீர்ப்பாளர், அதாவது தம் பாலினத்தவரையே விரும்புவோர், கூடும் அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் மதுக்கூடம் இயங்கியது. 1973 ஜூன் 24, ஞாயிறு மாலையில் மரப்படிக்கட்டில் சிகரெட் லைட்டருக்கான எரிநெய் ஊற்றித் தீ வைக்கப்பட்டதில், சன்னல்களை இரும்புக் கம்பிகள் அடைத்திருந்தமையால் தப்ப வழியின்றி 32 பேர் இறந்தனர். மதுப் பரிமாறுநர் பின்கதவு வழியே அழைத்துச் சென்ற ஏறக்குறைய இருபது பேர் பிழைத்தனர். மெட்ரோபாலிட்டன் சமூகத் திருச்சபையின் போதகர் பில் லார்சனின் உடல், சன்னல் கம்பிகளில் சிக்கியவாறே தெருவில் செல்வோர் கண்ணில் படும்படி பல மணி நேரம் விடப்பட்டது. இவ்வலட்சியத்தைத் தீயினும் கொடிது எனல் மிகையன்று. தேவாலயங்கள் பல இரங்கல் வழிபாட்டுக்கு இடம் மறுத்தன. எவரும் தண்டிக்கப்படவில்லை, நகர மன்றம் 2022இல்தான் மன்னிப்புக் கோரியது.