தயிராக இருந்த பெயின்ட் மோரானது ஏன்?

“பேஸ் டப்பாவைத் திறந்தபோது எமல்ஷன் தயிர் மாதிரி இறுகி இருந்தது. மெஷினில் அடர் நீலம் கலந்து கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் மோர். கடைக்காரர் தண்ணீர் ஊற்றிவிட்டாரா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

கடைக்காரர்மேல் பழி போடுமுன், பெயின்ட் தயிரானது எப்படி என்று பார்ப்போம். அதற்கென்றே சேர்க்கும் திக்னர், நூறு கிலோ பெயின்டுக்கு அரைக் கிலோ அளவு இருந்தாலே போதும். ஆகவே ‘குச்சி நட்டால் நிற்கும்’ என்று காட்டி விற்பதை நான் ஏற்பதில்லை. கெட்டியாக இருப்பது வேறு, சுவரை மறைப்பது வேறு.

வரலாறு கொஞ்சம்தான். அமெரிக்காவின் கிளிடன் நிறுவனம் 1948இல் லேடெக்ஸ் பெயின்டை, அதாவது எமல்ஷனை, வீடுகளுக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் இருந்த இடத்தில் தண்ணீர் வந்ததால், அதைக் கெட்டியாக்க வேண்டியிருந்தது. பல்லாண்டாக அதற்குக் கைகொடுப்பது செல்லுலோஸ் தூள். அதன் நீள இழைகள் ரோலரில் இழுபட்டு அறுந்து தெறிக்கும். பெயின்டரின் முன்கையெல்லாம் புள்ளி புள்ளியாக விழும். கிருமிகளுக்கும் செல்லுலோஸ் தீனி. பழைய வாளியைத் திறந்தால் அழுகல் வாடையோடு நீர்த்துக் கிடப்பது அதனால்தான்.

திக்னர்களில் என்னை மயக்குவது யூரித்தேன் வகை. அந்த மூலக்கூறின் நடுவுடல் தண்ணீரோடு இழையும். இரு முனைகளுக்கும் தண்ணீர் ஆகாது. ஒதுங்க இடம் தேடி முனைகள் கொத்தாகச் சேரும், பெயின்டில் மிதக்கும் பிசின் துகள்மேலும் ஒட்டும். ஒரு முனை இந்தத் துகளில், மறுமுனை அடுத்ததில். இப்படியே டப்பா முழுக்க வலை.

திருவிழாக் கூட்டம் கைகோத்து நிற்பதாக வையுங்கள். மெல்லத் தள்ளினால் அசையாது. நிறமி அடியில் போய்த் தங்காததும் இப்படித்தான். தேர் வந்தால் கைகள் விடுபட்டு வழிவிடும். பிரஷ்தான் தேர். அது கடந்ததும் கைகள் மறுபடி கோக்கும், பழைய கையையே தேடாமல் அருகில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு. சுவரில் பெயின்ட் வழியாமல் நிற்பது இந்தப் பிடியால்.

இப்போது பலூன்காரர்கள் நுழைந்து ஒவ்வொரு கையிலும் ஒரு பலூனைத் திணிக்கிறார்கள். பலூன் பிடித்த கை பக்கத்துக் கையைப் பிடிக்குமா? மெஷின் ஊற்றும் சாயத்தில், நிறமி திரளாதிருக்க சோப்பு போன்ற மூலக்கூறுகள் உண்டு. அவை முனைகளைப் போர்த்திவிட, வலை தளர்கிறது. வெளிர் நிறத்துக்குச் சில சொட்டுச் சாயம் போதும், கூட்டம் கலையாது. அடர் நீலத்துக்கு நிறைய வேண்டும். செல்லுலோஸ் இழை கைகோப்பதை நம்பி இல்லை, அதை இந்தப் பலூன்கள் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. இரண்டு வகையையும் சேர்த்துப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்காரர் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலும் இது நடக்கும். பெயின்டர் வழக்கமாகக் கலக்கும் தண்ணீரை மட்டும் இந்த டப்பாவில் குறைக்கச் சொல்லுங்கள்.