நுரை மிதப்பு முறையில் டைட்டானியக் கனிம மீட்பு: காவிரிப் படுகை நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

டைட்டானியத் தாதுவை நுரை மிதப்பு முறையில் செறிவூட்டும்போது கனிமத்தின் ஒரு பகுதி கழிவோடு வெளியேறுகிறது. அவ்விழப்பின் காரணங்களையும் அதனைக் குறைக்கும் வழிகளையும் விளக்கும் இக்கட்டுரை, மீட்புத்திறன் உயர்வு நிலப் பாதுகாப்போடு கொண்டுள்ள தொடர்பையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இல்மனைட், நுரை மிதப்பு, சேகரிப்பான், மீட்புத்திறன், காவிரிப் படுகை.

முன்னுரை

திருத்துறைப்பூண்டிப் பகுதி உழவர்கள் விதைநெல்லை உப்புநீரில் இட்டுத் தேர்வு செய்வர். பதர் மிதக்கும், மணி பிடித்த நெல் அடியில் தங்கும். இங்குப் பிரிப்பது அடர்த்தி வேறுபாடே. நுரை மிதப்பு முறையிலோ இதற்கு மாறாக, நீரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி கொண்ட கனிமமே மேலெழுகிறது. அடர்த்தி குறைந்த குவார்ட்சு கீழே தங்குகிறது. துகளின் எடையைவிட அதன் மேற்பரப்பின் இயல்பே இங்கு முதன்மை பெறுகிறது.

தமிழகக் கனிம மணலும் பிரிப்பு முறைகளும்

டைட்டானியத்தின் முதன்மைக் கனிமங்கள் இல்மனைட்டும் ரூட்டைலும் ஆகும். தூய இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு ஏறத்தாழ 52.6 விழுக்காடு உள்ளது. வெண்ணிற வண்ணப்பூச்சுகளுக்கு இந்த ஆக்சைடே அடிப்படை.

1909இல் ஜெர்மானிய வேதியியலார் ஷோம்பெர்க், திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். தொடக்கத்தில் மோனசைட்டே நாடப்பட்டது. இல்மனைட் பின்னரே மதிப்புப் பெற்றது. 1950இல் தோற்றுவிக்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனத்தின் ஆலை, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இயங்குகிறது.

கடற்கரை மணலில் துகள்கள் இயற்கையாகவே தனித்தனியாகப் பிரிந்துள்ளன. ஆதலால் சுருள் பிரிப்பான், காந்தப் பிரிப்பு, உயர் மின்னழுத்தப் பிரிப்பு ஆகியவை அங்குப் போதுமானவை. இல்மனைட் காந்தத்தால் ஈர்க்கப்படும், மின்சாரத்தையும் கடத்தும். சிர்கானுக்கு இவ்விரு பண்புகளும் இல்லை. ஆனால் நார்வேயின் டெல்னஸ், சீனாவின் பான்சிகுவா போன்ற இடங்களில் இல்மனைட் கடும்பாறையில் பிணைந்துள்ளது. பாறையை நுண்ணியதாக அரைத்தாலன்றிக் கனிமம் விடுபடாது. அவ்வாறு அரைக்கையில் உருவாகும் நுண்துகள்களுக்கே நுரை மிதப்பு இன்றியமையாததாகிறது.

இழப்பின் காரணங்களும் தீர்வுகளும்

முதலாவது, மேற்பரப்பு ஒற்றுமை. ஒலியிக் அமில வகைச் சேகரிப்பான்கள் இல்மனைட்டின் இரும்பு, டைட்டானிய அயனிகளோடு பிணைந்து அதனை நீர்வெறுப்புடையதாக்குகின்றன. கழிவுக் கனிமங்களிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளோடும் அவை பிணைவதால் தெரிவுத்தன்மை குறைகிறது. நீர்த்த கந்தக அமிலத்தால் முன்பதப்படுத்தினால் கழிவுக் கனிமங்களின் மேற்பரப்பிலுள்ள இவ்வயனிகள் கரைந்து நீங்குகின்றன.

இரண்டாவது, சேகரிப்பான் போதிய அளவு பற்றாமை. ஈய நைட்ரேட்டைச் சேர்த்தால் ஈய அயனிகள் இல்மனைட்டின் மேற்பரப்பில் படிந்து, ஹைட்ராக்சாமிக் அமிலங்கள் பிணைவதற்கு ஏற்ற இடங்களைத் தருகின்றன. மேற்பரப்பிலுள்ள ஈரிணைதிற இரும்பை ஆக்சிசனேற்றத்தால் மூவிணைதிற இரும்பாக்குவது மற்றொரு வழி. மூவிணைதிற இரும்பின் ஒலியேட்டு நீரில் கரைதல் குறைவாதலால் பிணைப்பு வலுப்பெறுகிறது.

மூன்றாவது, துகளின் நுண்மை. 20 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நீரோட்டத்தோடு குமிழியைச் சுற்றி விலகிச் செல்கின்றன. குமிழியோடு மோதும் வாய்ப்புக் குறைகிறது. களித்துகள்கள் கனிமத்தைப் போர்த்திச் சேகரிப்பானையும் தடுக்கின்றன. களிநீக்கம், நுண்குமிழிகளைப் பயன்படுத்தல், நுண்துகள்களைத் திரளச்செய்தல் ஆகியவை இதற்குரிய தீர்வுகள்.

மீட்புத்திறன்: ஒரு கணக்கீடு

எடுத்துக்காட்டாக, தாதுவில் 10 விழுக்காடும், செறிவுப் பொருளில் 46 விழுக்காடும், கழிவில் 4 விழுக்காடும் டைட்டானியம் டை ஆக்சைடு இருப்பதாகக் கொள்ளலாம். அப்போது மீட்புத்திறன் 65.7 விழுக்காடு, 100 டன் செறிவுப் பொருளுக்கு 700 டன் தாது தேவை. செறிவின் தரம் மாறாமல், கழிவிலுள்ள அளவு 2 விழுக்காடாகக் குறைந்தால் மீட்புத்திறன் 83.6 விழுக்காடாகிறது, தாதுத் தேவையோ 550 டன்னாகக் குறைகிறது. அதே விளைபொருளுக்கு 150 டன் தாதுவைத் தோண்டவேண்டிய தேவை நீங்குகிறது.

படுகை நிலமும் மீட்புத்திறனும்

திருத்துறைப்பூண்டி அமைந்துள்ள திருவாரூர் மாவட்டம், 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துள் அடங்கும். காவிரி கொணர்ந்த வண்டலே இப்பகுதியின் செல்வம். கனிமத் தேவை பெருகும்போது புதிய நிலங்களை நாடுவது ஒரு வழி. தோண்டிய தாதுவிலிருந்து முழுமையாக எடுப்பது மற்றொரு வழி. முன்னையதைத் தவிர்க்கப் பின்னையது துணைநிற்கும். எனினும் ஈய உப்புகளும் கந்தக அமிலமும் கழிவுநீரில் கலந்தால் பாசனத்திற்குக் கேடு விளையும். ஆகவே, நஞ்சு குறைந்த கிளர்வூட்டிகளைக் கண்டறிவதும் நீரை மறுசுழற்சி செய்வதும் மீட்புத்திறன் ஆய்வின் பிரிக்கவியலாத கூறுகளாதல் வேண்டும்.

முடிவுரை

டைட்டானியக் கனிம மீட்பு, சேகரிப்பானின் தேர்வை மட்டும் சார்ந்ததன்று. மேற்பரப்பு அயனிகள், துகளளவு, களிநீக்கம் ஆகியவற்றை ஒருங்கே சார்ந்துள்ளது. ஒரு முறையின் சிறப்பைச் செறிவின் தரத்தால் மட்டும் மதிப்பிடாமல், கழிவில் எஞ்சும் கனிமத்தாலும், வெளியேறும் நீரின் தூய்மையாலும் மதிப்பிடுவதே பொருத்தமுடையது. உப்புநீரில் விதைநெல்லைத் தேரும் உழவர், மிதந்த பதரோடு நல்ல நெல்லும் போய்விட்டதா என்று அரித்துப் பார்ப்பர். கனிமப் பிரிப்பிலும் கழிவை ஆராயும் அந்நோக்கே மீட்புத்திறனை உயர்த்தும்.