காற்றுத் துப்பாக்கியும் அதன் ரவைகளும்

மருந்து இல்லை, நெருப்பு இல்லை, புகை இல்லை. ஆகவே அபாயமும் இல்லை என்று காற்றுத் துப்பாக்கியைப் பற்றிப் பலர் எண்ணுகிறார்கள். திருவிழாக் கடைகளில் பலூன் சுடுவதற்கு வைத்திருப்பதைப் பார்த்தே இவ்வெண்ணம் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால், 1780-ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரிய ராணுவம் ஜிரண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போருக்கென்றே ஏற்றுக்கொண்டது. இந்த ஆயுதத்தின் ரவை எவ்வளவு ஆழம் துளைக்கிறது, துளைத்த பின் என்ன உருவம் அடைகிறது என்று பரீட்சித்துப் பார்த்தவர்கள் இதை விளையாட்டுச் சாமானாகக் கருதமாட்டார்கள்.

முதலில் ரவையின் அமைப்பைப் பார்ப்போம். ஈயத்தால் ஆன இந்தச் சிறு பொருளுக்கு இடை சிறுத்திருக்கும். பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து, உள்ளே குழிந்திருக்கும். காற்று உந்தும்போது அந்தப் பாவாடை குழலின் சுவரோடு இறுக ஒட்டிக்கொண்டு, காற்று கசியாதபடி காக்கிறது. தலைப்பாகத்திலேதான் பேதங்கள் உண்டு. தட்டைத் தலை காகிதத்தில் கத்தரித்தாற்போல் வட்டத் துளை இடும். பந்தயங்களில் எண்ணிக்கை போடுவதற்கு இதுவே சௌகரியம். 1984-ல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இத்தகைய ரவைகளே வழங்குகின்றன. அந்தப் போட்டியில்தான் 2008-ல் பீஜிங் நகரில் அபினவ் பிந்த்ரா, தனிநபராக இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தேடித் தந்தார். மற்ற மூன்று, உருண்டைத் தலை, கூர்முனை, தலையில் குழி உடையது என்பன.

இவற்றுள் எது மேல் என்ற கேள்விக்கு ஒரு குடும்பக் கணக்கே விடை கூறும். ரவை சுமந்து செல்லும் சக்தி கையிலுள்ள பணத்தைப் போன்றது. ஆழத்துக்குச் செலவிட்டால் அகலத்துக்கு மிச்சமிராது. அகலத்துக்குச் செலவிட்டால் ஆழம் குறையும். இங்கிலாந்தில் லைசென்ஸ் இன்றி வைத்துக்கொள்ளக்கூடிய காற்று ரைபிளுக்குச் சட்டம் விதித்த வரம்பு சுமார் 16 ஜூல். அந்தச் சக்தி, அரை கிராம் ரவையை விநாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஒரு கிராம் ரவையைச் சுமார் 180 மீட்டர் வேகத்தில்தான் தள்ளும். 4.5 மில்லிமீட்டர் ரவையைக் காட்டிலும் 5.5 மில்லிமீட்டர் ரவையின் முகப்பரப்பு ஒன்றரை மடங்கு. ஆகவே ஒரே சக்தியில் சிறியது ஆழமாகவும், பெரியது அகலமாகவும் துளைப்பதே பெரும்பாலும் காணும் முடிவு.

குழித் தலை ரவையின் கதை சுவையானது. எதிர்ப்பட்ட பொருள் குழிக்குள் புகுந்து ஈயத்தைப் பூப்போல் விரிப்பதால், துளை அகன்று ஆழம் குறைகிறது. ஆனால் அதற்குப் போதிய வேகம் வேண்டும். அருகில் சுட்டபோது விரிந்த ரவை, தொலைவில் வேகம் தளர்ந்த பின் விரியாமலே போய்விடும். ஐந்து மீட்டரில் செய்த பரீட்சை ஐம்பது மீட்டருக்குச் சாட்சி சொல்லாது. ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாகம், வெள்ளீயம் கலந்த ரவைகளும் உண்டு. அவை இலேசானவை, வேகமாகக் கிளம்பும். ஆனால் கடினமானவையாதலால் எளிதில் விரிவதில்லை.

எதில் சுட்டுப் பார்ப்பது? களிமண், சோப்பு, நனைந்த காகிதக் கட்டு முதலியவை சுலபமாய்க் கிடைக்கும். ஆனால் சதை விரிந்து மீளும். களிமண்ணோ விரிந்தபடியே நின்றுவிடும். ஆகையால் அதில் காணும் பெரும் பள்ளம் கண்ணை ஏமாற்றும். அமெரிக்க ராணுவ மருத்துவரான மார்ட்டின் ஃபாக்லர், நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டினை 4 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைத்துப் பயன்படுத்தும் முறையை 1980-களில் நிலைநாட்டினார். பாளம் சரியாக உறைந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. 4.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றை விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சுட்டால் அது சுமார் 8.5 சென்டிமீட்டர் செல்லவேண்டும். பெரிய துப்பாக்கிகளின் தோட்டாக்களைப் பரீட்சிக்கும் பாளத்துக்கே காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டுதான் அளவுகோல்!

அந்த 8.5 சென்டிமீட்டரை வாசகர்கள் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு குழந்தையின் மார்பிலோ கழுத்திலோ அவ்வளவு ஆழம் என்பது எத்தகைய விபரீதம்! விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்திலேயே 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை தோலைத் துளைத்துவிடும் என்று மருத்துவ ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. கண்ணுக்கு அவ்வளவுகூட வேண்டாம்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. தேவையில்லை என்றதனால் அபாயமில்லை என்று பொருள் கொள்ளலாகாது. மரத்திலிருக்கும் பறவையைக் குறிபார்ப்பதும் விளையாட்டல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பெரும்பாலும் குற்றமாக்கியிருக்கிறது. சுட்டுப் பழக விரும்பும் பிள்ளைகளுக்குக் காகித இலக்கும், ரவையைத் தாங்கி நிறுத்தும் தடுப்பும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், அருகில் ஒரு பெரியவரும் வேண்டும். இவை நான்கும் இல்லாத வீட்டில் காற்றுத் துப்பாக்கி பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பதே நலம்.