ஆக்சிஜன் இருந்தும் தவிக்கும் செல்கள்

தொற்றுக்கு எதிராக உடல் கட்டுக்கடங்காமல் கிளர்ந்து, தன் உறுப்புகளையே பழுதாக்கும் நிலை செப்சிஸ். அது முற்றிய நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும். ஆனாலும் சிறுநீரகம் செயலிழக்கும், செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் இயங்கும்போது சேரும் லாக்டேட் ஏறிக்கொண்டே போகும். வந்த ஆக்சிஜனைச் செல்கள் ஏன் பயன்படுத்திக்கொள்வதில்லை?

லண்டனில் மெர்வின் சிங்கரின் குழு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 28 செப்சிஸ் நோயாளிகளின் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தது. 2002-இல் முடிவு வெளியானது. பின்னர் இறந்துபோனவர்களின் தசையில், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. குறைந்திருந்தது. நைட்ரிக் ஆக்சைடு மிகுந்து, குளுட்டாதயோன் என்னும் காப்புப் பொருள் வற்றிய இடத்தில், ஆக்சிஜனைக் கொண்டு ஏ.டி.பி. தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பழுதாகியிருந்தது.

இந்தச் சேதத்தின் தொடக்கம் நம் பாதுகாப்புப் படையிலேயே இருக்கிறது. கிருமியை விழுங்கிய வெள்ளணு, ஆக்சிஜனைச் சூப்பர்ஆக்சைடாக மாற்றுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலம். குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்வதும் இதே அமிலத்தால்தான். செப்சிஸில் இந்தத் தாக்குதல் தொற்று உள்ள இடத்தோடு நிற்பதில்லை. சூப்பர்ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் உண்டாகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களையே சிதைக்கிறது.

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் சி-யை ஏற்றினால் என்ன? 2017-இல் அமெரிக்க மருத்துவர் பால் மாரிக், அதை ஹைட்ரோகார்ட்டிசோன், தயமின் இரண்டோடும் சேர்த்துக் கொடுத்த 47 பேரில் 4 பேரே இறந்ததாக எழுதினார். அதற்கு முன் இந்தச் சிகிச்சை பெறாத 47 பேரில் 19 பேர் இறந்திருந்தார்கள். உலகமெங்கும் ஐ.சி.யூ. மருத்துவர்கள் நம்பிக்கை கொண்டார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரே மருத்துவமனையின் முன்-பின் ஒப்பீடு. 2022-இல் வெளியான லோவிட் ஆய்வில் சுமார் 870 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு வைட்டமின் சி மட்டும் கொடுத்தார்கள். 28-ஆம் நாளில் இறந்தோ, உறுப்புச் செயலிழப்பு நீடித்தோ இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 44.5 சதவீதம், பெறாத பிரிவில் 38.5.

எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக வந்த இந்த முடிவுக்குக் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சூப்பர்ஆக்சைடு தயாரிக்கும் நொதி பிறவியிலேயே செயல்படாத குழந்தைகளைக் கடுமையான தொற்றுகள் திரும்பத் திரும்பத் தாக்குகின்றன என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஆயுதத்தையே பறித்தால் கிருமிக்குத்தான் லாபம். அதனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் சென்று சேரும் மருந்துகளை இப்போது விலங்குகளில் சோதிக்கிறார்கள். நோயாளியின் படுக்கையருகே இன்றும் முதல் வேலை, தாமதமில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, சீழ் கட்டிய இடத்தைக் கண்டுபிடித்து அகற்றுவதுதான்.