வீட்டில் இருந்துகொண்டே 'வீட்டுக்குப் போகணும்' என்கிறவர்கள்

குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள். வீட்டில் வயதானவர்களும் ஒரு மருமகளும்தான். அந்தி மயங்கும் நேரம் பாட்டா செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்குவார். "மக்களே, நான் வீட்டுக்குப் போறேன்." அவர் நிற்பது அவரே கட்டிய வீட்டின் வாசலில். "இதுதானே உங்க வீடு" என்று சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறும்.

வயசான காலத்துப் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் டிமென்ஷியா எனும் மறதிநோயில் மாலையில் குழப்பம் கூடுவது வழக்கம். இந்நோயில் அல்சைமர் வகைதான் அதிகம். 2023-இல் வெளியான தேசிய ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாகக் கணித்தது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

பாட்டா தேடுவது பெரும்பாலும் பழைய நிம்மதியைத்தான். அதனால் வாதாடிப் பயனில்லை. "சாயா குடிச்சிட்டுப் போவோம் பாட்டா" என்று உட்காரவைத்து, அந்தப் பழைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள். கூடவே கொஞ்சதூரம் நடந்துவிட்டுத் திரும்பினாலும் பலருக்கு மனம் அடங்கிவிடும். நோயைப் பார்க்குமுன் ஆளைப் பாருங்கள் என்பதே பிரிட்டன் உளவியலாளர் டாம் கிட்வுட் 1990-களில் வலியுறுத்தியது. குழந்தையைப்போல் நடத்துவதும், பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவதும் அவரை இன்னும் குலைக்கும் என்றார் அவர்.

மருமகள்களைப் பெரிதும் நோகடிப்பது திருட்டுப் பழி. மாமி சங்கிலியை எங்கோ ஒளித்துவைப்பார், வைத்தது மறந்துபோகும். விடுபட்ட இடத்தை மூளை ஒரு கதையால் நிரப்பிக்கொள்ளும். "நான் எடுக்கலை" என்று அழுது நிரூபிக்க முடியாது. "வாங்க மாமி, சேர்ந்து தேடுவோம்" என்றால் பழி நிற்காமல் போகலாம், பகையாவது வளராது.

பேரப்பிள்ளையின் பெயர் ஓர்மையில் இல்லாதவர் கையில் தென்னோலையைக் கொடுத்தால் விரல்கள் தாமாக முடையும். கைப்பழக்கத்தின் நினைவு பெயர்களைவிட வெகுகாலம் தங்கும். முருங்கையிலையை உருவக் கொடுங்கள். சரியாக உருவாவிட்டால் பிறகு, அவர் காணாமல் திருத்திக்கொள்ளலாம். 'நான் உதவாதவள்' என்ற எண்ணம் அவரை அண்டாமல் இருப்பதுதான் முக்கியம்.

மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், உடனே போக வேண்டும். டொனெபெசில் போன்ற மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்சகாலம் தணிக்கும், நோயைப் போக்காது.

ஆகவே இராப்பகலாகப் பார்த்துக்கொள்கிறவரே பெரிய மருந்து. அவருக்கு ஓய்வு இல்லையென்றால் பரிவு வற்றி எரிச்சல்தான் மிஞ்சும். அதற்கு அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் பணத்தோடு விடுமுறையையும் பங்கிட்டு, முறைவைத்து வந்து நிற்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. கேரளத்தில் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கம் குடும்பங்களைச் சேர்த்தே பணி செய்துவருகிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடுதேடி வருகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வருகிறவரிடம் பாட்டாவின் மறதியையும், பார்த்துக்கொள்கிறவர் இரவில் தூங்குகிறாரா என்பதையும் நாமே எடுத்துச் சொல்லலாம்.