இம்ப்ரூவ்: நிலத்திலிருந்து வந்த வினைச்சொல்

"பையன் இம்ப்ரூவ் ஆகியிருக்கான்" என்று ஆசிரியர் சொன்னால் பெற்றோரின் முகம் மலர்கிறது. "திருந்தியிருக்கான்" என்றால், இதுவரை என்ன செய்துகொண்டிருந்தானோ என்ற கவலை பிடித்துக்கொள்ளும்.

ஆங்கிலச் சொல்லில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் அது பள்ளிக்கூடத்தில் பிறந்த சொல்லும் அல்ல. நார்மன் படையெடுப்புக்குப் பின் இங்கிலாந்தில் வழங்கிய பிரெஞ்சில் 'ப்ரூ' என்றால் லாபம். அதிலிருந்து வந்த இந்த வினை, முதலில் ஒன்றை லாபமாக்குவதையே குறித்தது. குறிப்பாக நிலத்தை. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு வளைத்து வருமானம் பார்ப்பதற்கும் நிலவுடைமையாளர்கள் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். மாடு மேய்க்க இடம் இழந்தவர்களுக்கு அது என்ன முன்னேற்றமோ! மனிதன் தன்னையே பண்படுத்திக்கொள்ளும் பொருள் பிறகுதான் ஓங்கியது. 1859-இல் சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்' நூல் வந்தபோது தன்னைப் பண்படுத்திக்கொள்வது விக்டோரியக் காலத்தின் தாரக மந்திரமாகவே ஆகியிருந்தது. பழைய வாசனை முழுக்கப் போய்விடவில்லை: அமெரிக்காவில் கட்டடம் எழுந்த மனை இன்றும் 'இம்ப்ரூவ்டு' மனைதான்.

தமிழும் நிலத்தைத் திருத்திய மொழிதான். காடு திருத்திக் கழனியாக்கினோம். ஆனால் மற்ற இடங்களில் தமிழ் ஒரே சொல்லோடு நின்றுவிடவில்லை. நோயாளி தேறுகிறார், வியாபாரம் சூடுபிடிக்கிறது, கையெழுத்து திருந்துகிறது, பாட்டு மெருகேறுகிறது. ஆங்கிலத்தில் இவை நான்குமே 'இம்ப்ரூவ்'. எல்லாவற்றுக்கும் 'மேம்படு' என்று அகராதியைப் பார்த்துப் போட்டால் வேடிக்கைதான். காய்ச்சல்காரர் மேம்பட்டார் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

பயன்பாட்டில் இன்னொன்று. தானாக நடப்பதற்கும், ஒருவர் முயன்று செய்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வடிவம் போதும். 'ஆன்' சேர்ந்தால் மட்டும் பொருள் சற்று நகர்ந்து, முன்பு இருந்ததை விஞ்சுவதைச் சொல்லும். தமிழ்ப் பேச்சோ கடன் வாங்கிய சொல்லுக்கும் தன் இலக்கணத்தை மாட்டிவிட்டது: இங்கிலீஷ் தானாக 'இம்ப்ரூவ் ஆச்சு', அவள் அதை 'இம்ப்ரூவ் பண்ணினாள்'. மேம்படு, மேம்படுத்து என்ற அதே தன்வினை, பிறவினைக் கணக்கு.

பிளஸ் டூ மதிப்பெண் போதாதவர்கள் மறுபடி எழுதிய தேர்வுக்குத் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் 'இம்ப்ரூவ்மெண்ட்' என்றே பெயர். அதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று வீடுகளில் யாரும் தவித்ததில்லை. மதிப்பெண் கூடினால் போதும் என்றிருந்தது.